கூடையில் நாலு வேலை கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இது நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுவதால் இன்னும் நீளலாம். டீச்சர் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயர் வேண்டாம். நாற்பதை நெருங்குகிறாள், இரண்டு பிள்ளைகள், வேலைக்கும் போகிறாள். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிற போக்கில் சொன்னாள்: "டீச்சர், கைவேலை எல்லாத்தையும் மூட்டை கட்டிப் போட்டுட்டேன்."

பரணில் போட்டாள் என்று நினைத்தேன். இல்லை. பழைய துணி எடுக்க வரும் வண்டியில் போட்டுவிட்டாளாம். ஏழு உருப்படி. முக்கால்வாசி முடிந்த குறுக்குத் தையல் மேஜை விரிப்பு ஒன்று. தலையணை உறை இரண்டு. ஒரு கை மட்டும் பாக்கியிருந்த ஸ்வெட்டர். பெண்ணுக்காக ஆரம்பித்த பாவாடை பார்டர். மற்ற இரண்டும் என்னவென்று அவளுக்கே நினைவில்லை.

ஏன் என்று கேட்டேன். விருந்தாளி வந்திருந்த அன்று அவள் கணவர் அலமாரியைத் திறந்து காட்டி, "ஏழு ஆரம்பம், முடிவு பூஜ்யம். இதுதான் எங்க வீட்டம்மா" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். இவளும் சேர்ந்து சிரித்தாளாம். மறுநாள் மூட்டை.

"அவர் கெட்டவர் இல்ல டீச்சர். சொன்னதுலயும் தப்பில்ல. நீங்களே எட்டாம் வகுப்புல சொல்வீங்களே, எடுத்ததை முடிக்காம அடுத்ததைத் தொடாதேன்னு."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

சொன்னேன், உண்மைதான். நான் கணக்கு டீச்சர். எங்கள் நடுநிலைப் பள்ளியில் தையல் ஆசிரியை இடம் பல வருடம் காலியாகவே இருந்ததால், எனக்கு எம்பிராய்டரி தெரியும் என்று வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை என் தலையில் கட்டினார்கள். நானும் கணக்கு வகுப்புக்கு வைத்த சட்டத்தையே அங்கும் வைத்தேன். காம்புத் தையல் கைக்குட்டையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த துணி. ஒரு முறை ஒரு பெண்ணின் பையில் பாதி பின்னிய நீலக் கலர் மஃப்ளர் ஒன்றைப் பார்த்தேன். கைக்குட்டையோ அப்படியே இருந்தது. மஃப்ளரை வாங்கி என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன், "முதல்ல இதை முடி, அப்புறம் தர்றேன்." அவள் கைக்குட்டையை முடித்தாளா என்றும் நினைவில்லை, மஃப்ளரைத் திரும்பக் கேட்டாளா என்றும் நினைவில்லை. ஓய்வு பெற்ற அன்று இழுப்பறையைக் காலி செய்தபோது அதில் மஃப்ளர் இல்லை. அந்தப் பெண்ணும் போனில் பேசிய இவளும் ஒருத்திதானா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே இந்தப் பதிவு முதலில் எனக்கு எதிராக. அதற்கடுத்து, "ஒரு நேரத்தில் ஒன்று, அதில் வெற்றி நன்று" என்கிற பாணியில் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்டு அனுப்புகிறவர்களுக்கு எதிராக. மூன்றாவதாக, அடுத்தவர் அலமாரியைத் திறந்து எண்ணுகிறவர்களுக்கு எதிராக.

கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

என் ஒரு நாளில் கைவேலைக்கு மூன்று விதமான நேரம் கிடைக்கிறது. காலை எட்டரை முதல் ஒன்பதே கால் வரை கிழக்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம். அது 45 நிமிடம். பகலில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, கேஸ் சிலிண்டர் வரும் வரை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, டாக்டர் வீட்டு பெஞ்சில், இப்படி ஐந்தும் பத்துமாகச் சேர்த்தால் 30 நிமிடம். இரவு வீட்டுக்காரர் செய்தி பார்க்க, நான் சீரியல் பார்க்க, எப்படியும் 60 நிமிடம். ஆக மொத்தம் 135.

இப்போது என் கையில் ஒரு குறுக்குத் தையல் படம் இருக்கிறது. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள அய்டா துணி, 10 அங்குலம் நீளம், 8 அங்குலம் அகலம். 140-ஐ 112-ஆல் பெருக்குங்கள், 15,680 தையல். ஆறு இழை நூலில் இரண்டு இழை பிரித்துப் போடுவது. எனக்குக் கண்புரை அறுவை ஆகிவிட்டது. டியூப்லைட்டில் கரும்பச்சைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே இந்த வேலை காலை 45 நிமிடத்தில் மட்டும்தான் நடக்கும். ஒரு காலைக்கு நூறு தையல் என் வேகம். 157 காலை வேண்டும்.

"அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு" என்கிறவர்களிடம் என் கேள்வி இதுதான். மீதி 90 நிமிடத்தை நான் என்ன செய்வது? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் படம் சீக்கிரம் முடியுமா? முடியாது. அப்போதும் 157 காலைதான். இரவில் ஸ்வெட்டர் பின்னினாலும் 157 காலைதான். படத்துக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. ஆனால் அந்த 157 நாளில் பின்னாமல் விட்ட நேரம் 90 நிமிடம் வீதம் 14,130 நிமிடம். மணிக்கணக்கில் 235 மணி நேரத்துக்கு மேல். ஒரு சின்னப் பையனுக்கு அதில் எத்தனை ஸ்வெட்டர் என்று பின்னத் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. இரண்டு வேலையும் ஒரே விதமான நேரத்தைக் கேட்டால் பூப்படக்காரர்கள் சொல்வதுதான் சரி. காலை வெளிச்சம் கேட்கிற வேலை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 30 காலை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் முதலாவது 30-ஆம் நாள் முடியும், இரண்டாவது 60-ஆம் நாள். மாற்றி மாற்றிச் செய்தால் ஒன்று 59, இன்னொன்று 60. முதல் வேலை சும்மா 29 நாள் தள்ளிப்போகிறது, இரண்டாவதுக்கு ஒரு லாபமும் இல்லை. அதனால்தான் என் கூடையில் குறுக்குத் தையல் ஒன்றுக்கு மேல் கிடையாது. அழகான கிட் ஒன்றைப் பார்த்தேன், வாங்கினேன், இதைப் பாதியில் விட்டு அதை ஆரம்பித்தேன் என்றால் அது வேறு வியாதி. அதற்கு நான் வக்கீல் இல்லை.

நான் வாதாடுவது வேறு வேறு நேரத்தைக் கேட்கிற வேலைகளுக்காக. என் கூடையைத் திறந்தே காட்டுகிறேன், எண்ணிக்கொள்ளுங்கள்.

காலைக்கு அந்தப் படம். துண்டு நேரத்துக்கு மகளின் வெள்ளைப் பருத்திப் புடவை. உடல் முழுக்கச் சின்னச் சின்ன லேசி டெய்சிப் பூக்கள், நடுவில் பிரெஞ்சு முடிச்சு. ஒரு பூவுக்கு ஆறேழு நிமிடம். ஒரு பூ முடிந்தால் அது முடிந்ததுதான், பாதியில் நிற்பது என்பதே கிடையாது. இரவுக்குக் குன்னூரில் இருக்கும் பேரனின் ஸ்வெட்டர். (கும்பகோணத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறாயா, வேர்க்கவில்லையா என்று கேட்காதவர்கள் இல்லை. வேர்க்கத்தான் செய்கிறது.) பார்டர் 10-ஆம் நம்பர் ஊசி, உடம்பு 8-ஆம் நம்பர் ஊசி. பழக்கமில்லாதவர்களுக்கு: நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான், நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 10 என்றால் 3.25 மில்லிமீட்டர், 8 என்றால் 4 மில்லிமீட்டர். இந்த ஊசியில், இந்தக் கம்பளியில் எனக்கு 22 கண்ணிக்கு நாலு அங்குலம் வருகிறது. முதுகு 12 அங்குலம், ஆக 66 கண்ணி. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல், கண் டிவியில் இருந்தாலும் கை தானாகப் போகும்.

நாலாவதாக ஒரு சால்வை. துளைத் துளையாக வரும் பின்னல், ஒவ்வொரு வரிசையும் வரைபடம் பார்த்து எண்ண வேண்டும். அதை வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில் மட்டும் எடுப்பேன். வாரத்துக்கு ஒரு முறை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்த அன்று நாலு வரிசை. நாலு வரிசைக்கு ஒரு முறை வேறு நிறத் தையல் நூல் ஒன்றை ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் விட்டுவிடுவேன். நான் அதை உயிர்நூல் என்று சொல்வேன். பிறகு எங்காவது தப்பினால் அந்த நூல் வரைக்கும் பிரித்தால் போதும், முழுதையும் பிரிக்க வேண்டாம்.

நாலுதான். அதற்கு மேல் என்னால் முடியாது, முயன்று பார்த்துவிட்டேன்.

இதில் கைக்கும் ஒரு லாபம் உண்டு. தொடர்ந்து இரண்டு மணி நேரம் பின்னினால் எனக்குக் கட்டைவிரல் அடியில் வலி பிடித்துக்கொள்ளும். எம்பிராய்டரி ஊசி பிடிப்பது வேறு தசை. மாற்றிச் செய்தால் இரண்டும் ஓடும். "ஒரே மூச்சில் முடி" என்று சொல்கிறவர்கள் அறுபது வயதுக் கையோடு ஒரு வாரம் ஒரே மூச்சில் பின்னிப் பார்க்கட்டும்.

இப்போது வீட்டுக்காரர்களுக்கு வருகிறேன்.

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை கூப்பிடு தூரம். சிலை வார்க்கும் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் மெழுகில் நடராஜர் கை உருவாகிக்கொண்டிருக்கும். இன்னொரு மூலையில் மெழுகுச் சிலைக்குக் காவிரி வண்டல் பூசி நிழலில் காய வைத்திருப்பார்கள். வெளியே ஒன்று வார்த்து ஆறிக்கொண்டிருக்கும். உள்ளே ஒருவர் வார்த்து எடுத்த அம்மனுக்கு உளி வைத்து நகாசு செய்துகொண்டிருப்பார். மண் காயும்வரை அந்த ஸ்தபதி கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. யாராவது அவரிடம் போய், "ஏழு ஆரம்பம், முடிவு பூஜ்யம்" என்று சொல்லிச் சிரித்தது உண்டா? தெருமுனைத் தையல்கடையில் ஒரே நாளில் இருபது ஜாக்கெட் வெட்டிக் கிடக்கும். காலையில் வெட்டு, மத்தியானம் மிஷின், சாயங்காலம் ஹூக். அதற்குப் பெயர் தொழில் தெரிந்தவர். இந்தப் பக்கத்து விவசாயிகள் சம்பா நெல் அறுக்கும் முன்பே, பயிர் நிற்கிற வயலிலேயே ஈரம் பார்த்து உளுந்து தெளிக்கிறார்கள். நெல்லை முடித்துவிட்டு உளுந்தைத் தொடு என்று யாரும் அவர்களுக்குப் பூப்படம் அனுப்புவதில்லை, ஈரம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதே வேலையை வீட்டில் ஒரு பெண் செய்தால் அதற்குப் பெயர் அரைகுறை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாரை இறக்கிய பிறகுதான் அரிசி களைவேன், அரிசி வெந்த பிறகுதான் காய் நறுக்குவேன் என்று எந்த வீட்டிலாவது ஒருத்தி ஒன்றை முடித்து ஒன்றைத் தொட்டால் ஒரு மணிக்கு இலை போட முடியுமா? மூன்று அடுப்பிலும் மூன்று வேலை, நாலாவது மிக்ஸியில். அங்கே நாங்கள் ஒரே நேரத்தில் நாலு வேலை செய்ய வேண்டும். அலமாரியில் மட்டும் ஒரு நேரத்தில் ஒன்று!

அந்தப் பெண்ணின் ஏழு வேலையும் ஏன் பாதியில் நின்றன என்று அவள் கணவர் ஒரு முறை யோசித்திருந்தால் போதும். ஊசியில் நூல் கோத்ததும், "அம்மா, என் ஜியாமெட்ரி பாக்ஸ் எங்கே?" பின்னலில் பாதி வரிசையில், "காபி இருக்கா?" அவளுக்கு முழுசாக ஒரு மணி நேரம் யாரும் தந்ததில்லை. துண்டு துண்டாகக் கிடைத்ததில் அவள் ஏழு இடத்தில் முன்னேறியிருக்கிறாள். முக்கால்வாசி மேஜை விரிப்பு என்றால் எத்தனை ஆயிரம் தையல் தெரியுமா? முடிவு பூஜ்யம் என்றாராம். கணக்கில் முக்காலைப் பூஜ்யம் என்று எழுதினால் நான் மார்க் போடமாட்டேன்.

என் முதல் வேலையே ஈராசிரியர் பள்ளியில்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் என் தலையில். மூன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் கூட்டல் எழுதிப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புக்கு மணலில் 'அ' எழுதிக் காட்டி, ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் வாசிக்கச் சொல்லிக் காது கொடுத்து, நாலாம் வகுப்பு சிலேட்டைத் திருத்தியிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பை முழுக்க முடித்துவிட்டு இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எந்த வருடம் பரீட்சை எழுதுவது? இப்படி வேலை பார்த்தவள், பத்து வருடம் கழித்து, ஒரு பெண்ணின் மஃப்ளரை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நாலு வேலையும் நிதானமாக நகர வேண்டும் என்றால் ஒழுங்கு வேண்டும். அது இல்லாமல் சும்மா ஆரம்பித்துக்கொண்டே போவதற்கு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பின்னலை வரிசை நடுவில் நிறுத்தக் கூடாது, நடுவில் விட்ட இடத்தில் கண்ணி இழுபட்டு விரிந்து நிற்கும். வரிசை முடித்து, ஒரு துண்டுத் தாளில் "46 முடிந்தது, அடுத்து பர்ல்" என்று எழுதிப் பையில் போட வேண்டும். நினைவு இருக்கும் என்று நினைக்காதீர்கள், இருக்காது. எம்பிராய்டரி வளையத்தை எழும்போதே கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே ஒரு மாதம் கிடந்தால் அந்த வட்டத் தடம் சலவைக்கும் போகாது. துணியில் ஊசியைக் குத்தி வைக்கவே கூடாது. காவிரிக்கரை ஈரத்துக்கு ஊசி துருப்பிடித்து வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளி விழும். இப்படி நான் ஒரு நல்ல தலையணை உறையை இழந்திருக்கிறேன்.

ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பை. அந்தப் பையிலேயே அதற்கான ஊசி, நூல், சின்னக் கத்தரி. பத்து நிமிடம் கிடைக்கும்போது எட்டு நிமிடம் கத்தரியைத் தேடினால் எந்த வேலையும் நடக்காது. கம்பளி வாங்கும்போது ஸ்வெட்டருக்கு வேண்டிய எல்லா உருண்டையையும் ஒரே தடவையில் வாங்கி, லேபிளில் உள்ள சாய எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வேலைகளை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும், பிறகு போய்க் கேட்டால் அதே நீலம் கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு கை வேறு நிறமாகத் தெரியும். எந்த வேலையையும் பத்து நாளுக்கு மேல் தொடாமல் விடுவதில்லை. விட்டால் பின்னலின் இறுக்கம் மாறிவிடும், அந்த வரிசையில் ஒரு கோடு போட்டது போலத் தெரியும். சால்வைக்கு வாரம் ஒரு மத்தியானம் கிடைக்காவிட்டால், வீட்டில் ஆள் இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வரிசையாவது போட்டுவிடுவேன். தேதி உள்ள வேலைக்கு முதல் மரியாதை. பேரன் வளர்கிறான். 12 அங்குல முதுகு அடுத்த வருடம் அவனுக்குப் பற்றாது. அதனால் இந்த மாதம் இரவு மட்டுமல்ல, துண்டு நேரத்திலும் பாதி ஸ்வெட்டருக்குத்தான். புடவைப் பூ காத்திருக்கும், மகள் வளர்ந்து முடித்துவிட்டாள்.

செத்த வேலையும் உண்டு. நடப்பில் இருப்பது வேறு, கிடப்பில் இருப்பது வேறு. இரண்டு மாதம் தொடவில்லை, தொடவும் மனம் வரவில்லை என்றால் அது கிடப்பு. அதற்காக அழ வேண்டாம், வண்டியிலும் போட வேண்டாம். கம்பளியைப் பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து, அடியில் சின்னக் கனம் தொங்கவிட்டுக் காய வைத்தால் நெளிவு போய்ப் புது நூல் மாதிரி ஆகிவிடும். நான் போன வருடம் ஒரு ஜாக்கெட்டைப் பிரித்து இரண்டு தொப்பி பின்னினேன். எது கிடப்பு, எது நடப்பு என்பதை அந்தக் கைக்குச் சொந்தக்காரி முடிவு செய்ய வேண்டும். விருந்தாளி முன்னால் அலமாரி திறக்கிறவருக்கு அதில் ஓட்டு இல்லை.

"பொழுதுபோக்குத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆவேசம்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னல், அதைக் கற்ற ஏழைப் பெண்களுக்குக் கூலி வேலை. அவர்கள் பொழுது போகாமல் உட்கார்ந்து பின்னவில்லை. எங்களுடையது கூலிக்கு இல்லைதான். ஆனால் காலையிலிருந்து இரவு வரை நாங்கள் செய்கிற எல்லாமே சாயங்காலத்துக்குள் தின்று, துவைத்து, அழுக்காகித் தீர்ந்துபோகிறது. நேற்று செய்தது இன்றும் அப்படியே இருக்கிற ஒரே வேலை இது. அதைத்தான் அந்தப் பெண் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

நேற்று அவளைக் கூப்பிட்டேன். நான் அப்போது சொன்னது தப்பு என்று சொன்னேன். "ஐயோ டீச்சர், நீங்க போய்..." என்று பதறினாள். பதற வேண்டாம், கணக்கு தப்பினால் அடித்துவிட்டுத் திருப்பி எழுத வேண்டும், அவ்வளவுதான் என்றேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். ஒரு வளையமும், ஒரு ஜோடி 8-ஆம் நம்பர் ஊசியும், இரண்டு பையும் எடுத்து வைத்துவிட்டேன். பாவாடை பார்டருக்கு என்ன நிறம் வைத்திருந்தாள் என்று கேட்க மறந்துபோனேன்.

நீல மஃப்ளர் பெண் இதைப் படித்தால், அது நீ இல்லையென்றாலும் அப்படி ஒருத்தியை உனக்குத் தெரிந்தால், எனக்குத் தனியாக ஒரு வரி எழுதம்மா. ஊசியும் கம்பளியும் என் செலவு.

குக்கர் இரண்டாவது விசில் அடிக்கிறது. மூன்றுக்குள் ஒரு பூ போட்டுவிடலாம்.